பாமாயில் வந்ததா என்று மூன்று முறை கேட்டேன்

போன வாரம் வினோதினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண். "மேடம், இப்ப எல்லாமே டேப்லெட்தான். பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு ஒரு டிக் போட்டா போதும், துக்கம் பத்தின பகுதிய அதுவே தாண்டிடுது. நாம யோசிக்கவே வேணாம்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். "அம்மாடி, அந்த டிக்க மட்டும் நல்லா யோசிச்சுப் போடு" என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதையா அது? எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் கடலூர் முதுநகர். சிதம்பரத்தில் ஒரு மனநல ஆராய்ச்சிப் பிரிவில் கள ஆய்வாளராக இருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதி வருகிற வேலை. சமூகப்பணியில் பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் இருந்தவளை, சுனாமி வந்த சமயம் எங்கள் பங்குச் சாமியார்தான் நிவாரணக் குழுவில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து இங்கே. பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் பிள்ளைகளின் வயதைக்கூட சுனாமிக்கு முன்னால், தானே புயலுக்குப் பின்னால் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொன்றும் வந்து போனதும் நாங்கள் தாளும் பேனாவுமாகப் போய் நிற்போம். அதுதான் பயிற்சி.

தினமும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ். ஏறியதும் தூங்கிவிடுவேன். சிப்காட் ரசாயன ஆலைகளின் வாசனை மூக்கில் ஏறினால் கண் திறக்காமலே எங்கே இருக்கிறோம் என்று தெரியும். அது போனதும் மறுபடி தூக்கம். பாதி வாழ்க்கையை அந்த ரோட்டில் கனவு கண்டே கழித்தவள் நான். வீட்டுக்காரர் கேலி செய்வார்: "ஒனக்கு சம்பளம் குடுக்கறது தூங்கறதுக்கா, மத்தவங்க தூங்கறாங்களான்னு கேக்கறதுக்கா?"

எங்கள் மேலதிகாரி டாக்டர் சாரங்கபாணி. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாற்காலியில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்காருவார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நாங்கள் கொண்டுபோய் வைக்கிற தாள்களைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். நிரப்பிய பதில்களை அவசரமாகப் பார்ப்பார். நிரப்பாத இடம் வந்தால் பென்சில் நின்றுவிடும். அதன் மேல் இரண்டு தட்டு. "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். திட்டினது இல்லை, குரல் உயர்ந்தது இல்லை. அந்த "அப்புறம்?" கேட்டால் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். சாவைப் பற்றிக் கேட்கிற கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது. நாமெல்லாம் என்ன செய்வோம்? "தப்பா ஏதாவது நெனப்பு வருதா" என்று இழுப்போம். "தப்பான நெனப்பா? அத ஏன் தப்புங்கறீங்க? தப்புன்னு நீங்களே சொல்லிட்டா எதுக்க இருக்கறவங்க எப்படிச் சொல்லுவாங்க? செத்துப் போயிடலாம்னு தோணுதான்னு கேளுங்க. கேட்டதால யாரும் சாக மாட்டாங்க, பிலோமினா" என்பார். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பத்துக்குள் நாம் வாயைத் திறக்கவே கூடாது. சுனாமிக் குடியிருப்புகளில் நான் எண்ணிய பத்துகளைச் சேர்த்தால் லட்சத்தைத் தொடும்.

பிறகு கொரோனா வந்தது. பஸ் நின்றது. சிப்காட் பக்கமிருந்து வாசனைகூட வரவில்லை. வீட்டுக்குள் இருந்தே வேலை செய்யச் சொன்னார்கள்.

முந்தைய வருஷம் நாங்கள் நேரில் போய்ப் பார்த்த குடும்பங்களின் போன் நம்பர்கள் கையில் இருந்தன. பதினைந்து நாளுக்கு ஒரு முறை கூப்பிட்டுப் பேச வேண்டும். "எல்லாரும் வைரஸப் பாத்துக்கிட்டு இருக்காங்க. மனசுக்கு என்ன ஆவுதுன்னு யாராவது அப்பப்பவே எழுதி வைக்கணும். எல்லாம் முடிஞ்சப்புறம் போயி கேட்டா மறந்துடுவாங்க. மறக்காட்டியும் வேற மாதிரி சொல்லுவாங்க" என்றார் டாக்டர்.

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்ப்பதுபோல் இருக்கிறது. மாடி அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி. தெருவில் சத்தமே இல்லை. துறைமுகப் பக்கம் படகுகள் கட்டிக் கிடந்தன. காற்று மட்டும் வந்து தாள்களைப் புரட்டிப் போகும். முகம் தெரியாத குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதுக்குள் வந்துகொண்டே இருக்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு வீடு கட்டிவிடுவேன். இவர் கட்டிலில் படுத்திருக்கிறார், இந்த அம்மா அடுப்படியில் நிற்கிறார், இங்கே சுவர் பச்சை நிறம், அங்கே ஒரு தையல் மெஷின். எதற்கும் ஆதாரம் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எது அவர்கள் சொன்னது, எது நான் கட்டியது என்று எனக்கே கலங்கிவிடும். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போனில் பேசுவதற்கு ஒரு முறை இருந்தது. எடுத்ததும் ஒப்புதல் வாசகத்தைப் படிக்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, பயம், துக்கம் பற்றிக் கேட்போம். சாகும் எண்ணம் உண்டா என்றும் ஒரு கேள்வி வரும். சொல்ல விருப்பம் இல்லாவிட்டால் சொல்ல வேண்டாம். இதெல்லாம் அந்த வாசகத்திலேயே இருக்கும். அதற்கு அவர்கள் சரி என்றதும், "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா, பேச வசதியா இருக்கா?" என்று கேட்க வேண்டும். ஆள் இருந்தால் துக்கம், பயம், சாவு எதையும் தொடக் கூடாது. ஊரடங்கில் குடித்துவிட்டும், குடிக்கக் கிடைக்காமலும் ஆண்கள் வீட்டோடு கிடந்த காலம். நாம் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் அடி வாங்கிவிடக் கூடாது இல்லையா? அதனால் ஆண் குரல் கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிட வேண்டும். அதற்கென்றே ஒரு தனித் தாள் கையில் இருக்கும். ரேஷனில் அரிசி போட்டார்களா, பருப்பு வந்ததா, பாமாயில் வந்ததா. ஏதோ சர்வேக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். நானே பரிந்துரைத்த ஏற்பாடு அது.

பரங்கிப்பேட்டையில் ஒரு வீடு. அந்தப் பெண்ணுக்கு ஜுபைதா என்று பெயர் வைக்கிறேன். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். உண்மைப் பெயரையே போடுங்கள் என்றாள், நான்தான் மாற்றினேன். முந்தைய வருஷத் தாளில் வயது இருபத்தாறு, பிள்ளை இல்லை, கணவர் குவைத்தில் வேலை என்று இருந்தது.

முதல் தடவை கூப்பிட்டபோது மத்தியானம் மூன்று மணி. மெல்லிய குரல். ஒப்புதல் வாசகத்தைப் படித்தேன். "சரிக்கா" என்றாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கப் போனேன். அதற்குள் ஒரு ஆண் குரல் தெளிவாகக் கேட்டது. "ஜுபை, சாப்ட்டியா? கதவ நல்லா சாத்திக்க." அப்படியே நிறுத்திக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து விசேஷ விமானத்தில் ஆட்கள் வந்துகொண்டிருந்த சமயம். இவரும் வந்து சேர்ந்துவிட்டார் போல என்று நினைத்தேன். தாளில் 'கணவர் ஊர் திரும்பிவிட்டார்' என்று எழுதினேன். அவளிடம் கேட்கவில்லை. நானே எழுதினேன். "ரேஷன்ல பாமாயில் வந்துச்சாம்மா?" என்று ஆரம்பித்தேன்.

இரண்டாம் தடவை காலை பதினொரு மணி. அதே குரல், அதே வார்த்தை. ஜுபை, சாப்ட்டியா? கதவ நல்லா சாத்திக்க. எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்தில் ஒரு நாள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டவர் இல்லை. சமையல் ஆயிற்றா என்று மட்டும் கேட்பார். மூன்றாம் தடவை சாயங்காலம் ஆறு மணி. உண்மையைச் சொன்னால், நான் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன். வந்தது. பாமாயில் பற்றிக் கேட்டேன். "வந்துச்சுக்கா" என்றாள். கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள். "வேற ஏதாச்சும் கேக்கணுமாக்கா?" என்றாள். "இல்லம்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டேன். கண்ணை மூடினால் அந்த வீடு தெரிந்தது. கூடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இவள் தட்டை வைக்கிறாள். குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'அன்பான கணவர். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் விசாரிக்கிறார்.'

நான்காம் தடவை கூப்பிட்டபோது அந்த எண் சேவையில் இல்லை என்று பதிவுக் குரல் சொன்னது. மறுநாளும் அதேதான்.

அதற்குள் பஸ் கொஞ்சம் ஓட ஆரம்பித்திருந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போனேன். டாக்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கிராம்பு ஒன்றைப் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். ஜுபைதாவின் தாள்கள் வந்ததும் பென்சில் நின்றது. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பரப்பினார். மூன்றிலும் துக்கப் பகுதி காலி.

"மத்தியானம், காலைல, சாயங்காலம். மூணு நேரமும் பக்கத்துலயே இருந்தாரா?"

"ஊரடங்குதானே சார். எங்க போவாரு?"

"அதே வார்த்தைல விசாரிக்கிறாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதேன்னா, அச்சு அசலா அதேவா?"

"ஆமாம் சார்."

பென்சில் இரண்டு முறை தட்டியது. "ஒரு மனுஷன் மூணு தடவையும் ஒரு எழுத்து மாறாம பேசுவானா? அவரு என்னிக்குத் திரும்பி வந்தாருன்னு கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம்?" என்றார்.

"இப்ப ரெண்டு நாளா நம்பர் போகல சார்" என்றேன்.

அவர் எழுந்துவிட்டார். "ஜீப்ப எடுத்துக்கிட்டு ஒடனே கெளம்புங்க."

முட்லூர் தாண்டிப் பரங்கிப்பேட்டை ரோட்டில் திரும்புகிற வரை என் கையில் ஜெபமாலை இருந்தது. வெள்ளாற்றுப் பக்கம் வெயில் தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது. வழியெல்லாம் ஆளில்லாத கடைகள். நிஜமாகவே ஒரு கனவுக்குள் ஜீப் போவதுபோல் இருந்தது. நான் கட்டிய வீட்டைத்தான் மனம் திரும்பத் திரும்பப் பார்த்தது. அதில் அவர் கூடத்தில் இருந்தார். இருக்க வேண்டும் மாதாவே, அவர் அங்கே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வாசலில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. அப்பாடா என்று மூச்சு வந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். தோல் காய்ந்து வளைந்து, குதிகால் பள்ளத்தில் மண் படிந்திருந்தது. மாதக்கணக்கில் யாரும் கால் நுழைக்காத செருப்பு.

கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து அந்தக் குரல். "ஜுபை, சாப்ட்டியா? கதவ நல்லா சாத்திக்க."

"அம்மா, நான் பிலோமினா. போன்ல பேசுவேனே" என்றேன். தாழ்ப்பாள் நகர்ந்தது. வெள்ளைச் சேலையில் ஒல்லியாக ஒரு பெண். கையில் கண்ணாடி கீறிய ஒரு பழைய பெரிய போன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் கணவர் குவைத்தில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கூட வேலை பார்த்தவர் போனில் சொன்னார். நான் முதல் தடவை கூப்பிட்டது அந்தச் செய்தி வந்த நாலாம் நாள். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் இருக்கிற இத்தா என்ற வழக்கத்தில் அவள் இருந்தாள். அம்மா வீடு நாகப்பட்டினம் பக்கம். பாஸ் கிடைக்காமல் அவர்கள் வரவில்லை. அடுத்த தெருவிலிருந்த நாத்தனார் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார். கொரோனா பயம். ஊரே வீட்டுக்குள் இருந்ததால், இவள் இருப்பது தனியாக என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவர் முன்பு அனுப்பிய குரல் பதிவுகள் அந்தப் பழைய போனில் இருந்தன. "தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா, யாராச்சும் கதவத் தட்டினா, இதப் போட்டுவிடுவேன்க்கா. வீட்ல ஆம்பள இருக்காங்கன்னு நெனச்சிக்கட்டும்னு. செருப்பும் அதுக்குத்தான். எங்க உம்மா சொல்லிக் குடுத்தது. அப்புறம் அதுவே பழகிப் போச்சு. நீங்க கூப்புடற பட்டன் போன்ல யாரு பேசினாலும் கை தானா இத அமுக்கும்" என்றாள். பட்டன் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து போயிருந்தது. போட்டுத் தர ஆள் இல்லை.

தரையில் உட்கார்ந்தேன். நேர் எதிரில் உட்காரக் கூடாது, பக்கவாட்டில் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்வார். அப்படியே உட்கார்ந்தேன். தாளை எடுக்கவில்லை. "ஜுபைதா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டேன்.

எண்ண ஆரம்பித்தேன். ஆறு வரை போனது.

"தோணுது" என்றாள்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மொத நாளே சொன்னீங்க, இப்பிடி ஒரு கேள்வி வரும்னு. என்ன சொல்றதுன்னு யோசிச்சு வச்சிக்கிட்டு இருந்தேன். நீங்க பாமாயில் வந்துச்சான்னு கேட்டீங்க. சரி, அடுத்த வாட்டி கேப்பாங்கன்னு இருந்தேன். அப்பவும் பாமாயில். அதுக்கு அடுத்த வாட்டின்னு இருந்தேன். பாமாயில்தான். நானாச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. நான் சாவணும்னு உக்காந்திருக்கேன், ஒங்களுக்கு எண்ணெய்தான் பெருசாப் போச்சேன்னு அழுகையா வந்துச்சு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சமூக இடைவெளியாவது மண்ணாங்கட்டியாவது. அழக் கூடாது என்பது எங்கள் விதி. அழுதேன். ஏன் கேட்கவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் குரலால்தான் கேட்கவில்லை என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? அந்தக் குரல் ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது.

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். நாத்தனாரைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு, இனிமேல் இவளைத் தனியாக விடமாட்டேன் என்று பாயை விரித்துவிட்டார். மறுநாள் டாக்டரே வந்தார். இத்தாவில் இருக்கிற பெண், வெளி ஆணைப் பார்க்க மாட்டாள் என்று நான் தயங்கினேன். வைத்தியத்துக்குப் பார்க்கலாம் என்று நாத்தனார் சொன்னார். டாக்டர், "அவுங்களுக்கு எது சங்கடமில்லையோ அப்பிடியே பண்ணலாம்" என்றார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் ஜுபைதா. வெயிலில் ஒரு மணி நேரம் அப்படியே பேசினார்கள். தெருவில் போகிறவர்கள் இந்த ஆள் ஏன் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்துப் போனார்கள். கிளம்பும்போது அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

மாத்திரை, வாரம் ஒரு முறை அவர் பேச்சு, மூன்று நாளுக்கு ஒரு முறை என் பேச்சு. இத்தா முடிந்ததும் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார். சில மாதம் கழித்துத் திரும்பி வந்து நாத்தனாரோடு தையல் வேலை ஆரம்பித்தாள். ஒரு நாள் டாக்டர் தாள்களைப் படித்துக்கொண்டே, "ஏன் கேக்கலைன்னு அந்தப் பொண்ணுக்குச் சொன்னீங்களா?" என்றார். "இன்னும் இல்ல சார்" என்றேன். பென்சில் தட்டவில்லை. அது தட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

தொற்று ஓய்ந்த பிறகு ஒரு கூட்டம் போட்டோம். அடுத்த தடவை இப்படி ஒன்று வந்தால் மனநல ஆராய்ச்சியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும், வந்து போன பிறகும் எதைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று முடிவு செய்ய. வெளியூர் நிபுணர்கள் திரையில் இருந்தார்கள். அவர்கள் மட்டும் முடிவு செய்யக் கூடாது, கேள்விக்குப் பதில் சொன்னவர்களும் வர வேண்டும் என்று டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார். கிள்ளையிலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர், சிப்காட்டில் ஒப்பந்த வேலை போய்த் திரும்பக் கிடைத்தவர் ஒருவர், ஒரு நர்ஸ், ஒரு ஆசிரியர். ஜுபைதாவையும் நான்தான் அழைத்தேன்.

மேசையில் பன்னிரண்டு அட்டைகள். பள்ளி மூடிக் கிடந்த பிள்ளைகள், வேலை போனவர்கள், குடி, ஆஸ்பத்திரி ஊழியர்கள், முகம் பார்க்காமல் அடக்கம் செய்த குடும்பங்கள், போன் வழி வைத்தியம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு தலைப்பு. ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது முக்கியமோ அதில் வைக்க வேண்டும். மீன்கார அம்மா விளக்கத்தையே கேட்கவில்லை. பத்தையும் குடி அட்டையில் கொட்டிவிட்டு, "எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றார்.

டாக்டர் போன் வழி ஆராய்ச்சி பற்றி என்னைப் பேசச் சொன்னார். எழுந்து நின்றேன். ஜுபைதா மூன்றாவது வரிசையில் இருந்தாள். எழுதி எடுத்துப் போனது வேறு. அதை மடித்து வைத்துவிட்டேன்.

"ஆம்பள குரல் கேட்டா துக்கம் பத்திக் கேக்கக் கூடாதுங்கறது எங்க விதி. அந்த விதிய எழுதச் சொன்னவ நான்தான். ஒரு வீட்ல மூணு தடவ ஆம்பள குரல் கேட்டுச்சு. அவரு வந்துட்டாருன்னு நானே எழுதிக்கிட்டேன். கேட்டது செத்துப் போனவரோட குரல். அந்தப் பொண்ணு காத்துக்கிட்டு இருந்தது, நான் கேக்கல. அந்தத் தப்பு என்னோடது" என்றேன். அவளைப் பார்க்காமலே உட்கார்ந்தேன்.

"அப்போ அவரு குரலாலதான் நீங்க கேக்கலியாக்கா?" ஜுபைதா எழுந்து நின்றிருந்தாள்.

"ஆமாம்மா."

அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "பாத்தீங்களா அந்த மனுஷன! உசுரோட இருக்கும்போதும் நான் ஒன்னு சொல்ல வாயத் தொறந்தா, சரி சரி அப்புறம் பேசிக்கலாம்பாரு. மவுத்தானப்புறமும் என்னப் பேச விடலயே!" மீன்கார அம்மா பஸ்ஸை மறந்து சிரித்தார். திரையில் இருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தார்கள். டாக்டர் கிராம்பைக் கையில் எடுத்துவிட்டுச் சிரித்தார். ஜுபைதாவுக்குச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தாள். பன்னிரண்டு அட்டையையும் படித்தாள். "நான் சொல்றது இதுல இல்ல" என்றாள். டாக்டர் புதிதாக ஒரு அட்டையை எடுத்தார். "வீட்டுக்குள்ள யாருமே இல்லாதவங்கள வெளியில இருந்து எப்பிடிக் கண்டுபிடிக்கறது. அத ஆராய்ச்சி பண்ணுங்க" என்றாள். அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதினார். அதற்கு எவ்வளவு கொட்டை விழுந்தது என்று வினோதினிக்குத் தெரியும். இப்போது அவள் வேலை பார்ப்பது அந்த ஆராய்ச்சியில்தான்.

சாயங்காலம் ஜுபைதாவை சிதம்பரம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரங்கிப்பேட்டை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. பூக்காரிகளின் சத்தம், கண்டக்டர்களின் கூப்பாடு. "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

"மன்னிப்பெல்லாம் எதுக்குக்கா. இப்பக் கேளுங்க" என்றாள்.

"எத?"

"அந்தக் கேள்விய. இன்னிக்கி கேளுங்க."

சுற்றிலும் ஆட்கள். இருந்தாலும் கேட்டேன். ஒரு எழுத்தையும் மாற்றாமல் கேட்டேன். "ஜுபைதா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" பக்கத்தில் தேங்காய் மூட்டையோடு நின்ற பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. என்னைச் சமாதானப்படுத்துவதற்காக அவசரமாக இல்லை என்று சொல்லிவிடவும் இல்லை. பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, நிஜமாகவே உள்ளே போய்ப் பார்க்கிறவள்போல யோசித்தாள். நான் எண்ணினேன். பத்தும் ஆகிவிட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"இன்னிக்கி இல்லக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.